மூன்றாவது போல்ட்

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றுபோய்விட்டது என்று யாராவது கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் தப்புச் சொல்ல முடியாது, அத்தனை மெதுவு. காலையில் ஏழரைக்கே வந்து ஆய்வகக் கதவைத் திறந்து, ஃபேனைக்கூடப் போடாமல், சுண்டுவிரல் தடிமனில் ஒரு போல்ட்டை மேல் பிடிக்கும் கீழ் பிடிக்கும் நடுவில் மாட்டி, இழுக்கிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தக் கறுப்புத் திருகை இடப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு உட்கார்ந்தவள்தான் அமராவதி, இன்னும் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் திருகு அந்த மூலைக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வழக்கமாக அது நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இருக்கிறது, அவளே போட்டது. கோட்டில் வைத்தால் ஒன்றரை நிமிஷத்தில் ஒரு போல்ட் படாரென்று அறுந்து அடுத்ததை மாட்டலாம். கடைசி மூலையில் வைத்தால் ஆறு மணி நேரம். இப்போது மணி பத்து நாற்பது. சிவப்பு எண் பலகையில் ஐந்து டன் அறுநூறு. கடைசி இலக்கம் மட்டும் மனசு வந்தால் ஒன்று ஏறும், ஏறிவிட்டு மூச்சு வாங்குகிற மாதிரி நிற்கும். பதினொன்றரைக்கு ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொருட்காட்சி மைதானத்தில் புதுசாக வந்திறங்கியிருக்கிற ராட்டினத்தில் சனம் ஏறப்போகிறது, பிள்ளை குட்டிகளோடு, கையில் பஞ்சுமிட்டாயோடு. அந்த ராட்டினத்தின் ஒவ்வொரு பெட்டியையும் பிடித்துக்கொண்டிருப்பது இந்தப் போல்ட்டோடு ஒரே தொட்டியில் குளித்து வந்த அண்ணன் தம்பிகள். பெட்டிக்கு நாலு. புதன்கிழமையே முடுக்கியாகிவிட்டது, இன்றைக்கு வெள்ளி.

நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. அனுமதி கொடுக்கிற அதிகாரி கடைசி நேரத்தில் போல்ட்டுக்கு ரிப்போர்ட் கேட்டுவிட்டாராம், ராட்டினக்காரர்கள் அரக்கப் பரக்க நாலு போல்ட் கொடுத்தனுப்பினார்கள். பத்தரை டன் தாங்கினால் போதும். வெள்ளைக் கோட்டில் திருகை வைத்து இரண்டை இழுத்தாள். ஒன்று பத்தே முக்கால், இன்னொன்று பதினொன்று. பேஷான போல்ட். தாள்களை அடுக்கிக் கோப்பில் போடும்போதுதான் பிளேட்டிங் கடையின் சீட்டு கண்ணில் பட்டது. துத்தநாகப் பிளேட்டிங், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. பேக்கிங், அதாவது பிளேட்டிங் முடிந்த கையோடு அடுப்பில் வைத்து மணிக்கணக்காய்ச் சூடேற்றுவது, அதே செவ்வாய் பத்து முதல் இரண்டு வரை. கீழே கோழி கிறுக்கினது போல ஒரு கையெழுத்து. செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை எங்கே சாமி கரண்ட் இருந்தது? அந்தக் கடை அவள் குடியிருக்கிற வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். மாசம் ஒரு நாள் பராமரிப்பு என்று ஒன்பதிலிருந்து ஐந்து வரைக்கும் பிடுங்கிவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து லீவு போட்டவள் மறந்துபோய் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டு, கிரைண்டர் பாதியில் நின்று, உளுந்து நுரைத்துப் புளித்து, சாயங்காலம் அத்தனையையும் சாக்கடையில் கொட்டி, மின்வாரியத்தை வாய் வலிக்கத் திட்டினாள். என் கிரைண்டருக்கு வராத கரண்ட் உன் அடுப்புக்கு மட்டும் வந்ததாக்கும்? கடைக்காரன் ஜெனரேட்டர் வைத்திருக்கிறான், அது அவளுக்கும் தெரியும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் காணும். அந்தப் பெரிய அடுப்பை அதில் மாட்டினால் ஜெனரேட்டர் நாலு இருமல் இருமி நின்றுவிடும். அவன் பொய் எழுத வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டான். எல்லாச் சீட்டிலும் எழுதுகிற பத்து-இரண்டை அன்றைக்கும் கை பாட்டுக்கு எழுதிவிட்டது. கைப்பழக்கம். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கம் அவள் கைக்கும் உண்டு.

இரும்பு என்றால் ஒரே கட்டி என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவளுக்குத் தெரியும், அது பொரி உருண்டை. குட்டிக் குட்டிப் படிகங்கள், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் அடுக்கடுக்காய் இருக்கும், இழுத்தால் அடுக்கின்மேல் அடுக்கு வழுக்கி இடம் கொடுக்கும். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால்கூட அதன் கூர்முனையில் இந்த அடுக்குகள் வழுக்கி வழுக்கி முனையை மழுக்கிவிடும், விரிசல் அங்கேயே சோர்ந்து நின்றுவிடும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வழுக்க நேரமில்லாமல் சில இரும்பு கண்ணாடியாட்டம் உடையும், அது வேகத்தால் வருகிற சாவு, அதை யாரும் ஒத்துக்கொள்வார்கள். பிளேட்டிங் போட்ட கெட்டி இரும்பின் கதை அப்படியே தலைகீழ். ஆசிட்டில் முக்கியெடுக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். உடனே அடுப்பில் வைத்தால் வந்த வழியே ஓடிவிடும். வைக்காவிட்டால் உள்ளேயே நடமாடும், ஒரு அவசரமும் இல்லாமல், எங்கே இழுவை அதிகமோ அந்த விரிசல் முனைக்கே போய்ச் சேர்ந்து, படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவிலிருக்கிற பிடியைத் தளர்த்திவிடும். ஒன்றரை நிமிஷத்தில் இழுத்துப் பார்த்தால் அது முனைக்கு வந்து சேர்வதற்குள் போல்ட் நல்ல பிள்ளையாக நீண்டு அறுந்து பாஸாகிவிடும். மெதுவாக இழுத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். ராட்டினத்தில் முடுக்கி வைத்திருக்கிற போல்ட்டை யார் இழுக்கிறார்கள் என்று கேட்டால், முடுக்கே இழுக்கிறது, புதன்கிழமையிலிருந்து, ராவும் பகலும், இதைவிட மெதுவாக. இந்த நிமிஷமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து டன் அறுநூற்றுப் பத்து.

ஒன்பதரைக்கு மேனேஜர் தாமோதரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவளைவிட ஒன்பது வயசு சின்னவன், மனசில் கெட்டவன் கிடையாது, ஆனால் வாசல் மணி அடித்தால் இங்கே கால் நடுங்குகிற ஜாதி. “மேடம், நேத்தே ரெண்டு பாஸ் ஆயிடுச்சல்லங்க? இதெதுக்கு?” என்றான். சீட்டைக் காட்டினாள், கரண்ட் போன கதையைச் சொன்னாள், புளித்த உளுந்தைக்கூடச் சொன்னாள். “நீங்க மாவாட்ட முடியலீங்கிறதுக்காக நான் கஸ்டமரை நிறுத்தி வைக்க முடியுங்களா?” என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “கஸ்டமர் கேட்டது சாதா இழுவைங்க மேடம். கேக்காத டெஸ்ட்டுக்கு நாம ரிப்போர்ட் குடுக்கறதில்லீங்க.” கேட்காவிட்டால் தெரிந்ததைச் சொல்லக் கூடாதா? சொல்லக் கூடாது, அதுதான் ஆபீஸ் தர்மம், பந்தியில் கேட்கிறவனுக்குத்தான் ரசம். “பதினொண்ணரைக்கு உதயசங்கர் வர்றாருங்க, ராட்டினத்தோட இன்ஜினியர். அதுக்குள்ள இதை முடிச்சுக்குங்க. இல்லீன்னா வேகத்தைக் கூட்டிவிட்டு அறுத்துருங்க, என்னங்க?” அவன் போனதும் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தாள், ஆறிப்போயிருந்தது, ஏலக்காய் மட்டும் நாக்கில் நின்றது. வேகத்தைக் கூட்டிவிட்டு அறுத்துருங்க. நல்லா இருக்குதடா நாயம். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வாயிலிருந்து சீக்கிரம் பிடுங்கிவிட்டால் காய்ச்சல் இல்லை என்றாகிவிடுமா.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகிறது. பதினாலு வருஷம் ஆச்சு. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம், வருகிற இரண்டு மணி நேரத்துக்குள் முப்பது துண்டை இழுத்து முடித்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் திருகைப் பார்த்து வைக்க யாருக்குப் பொறுமை? ஒரு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது, யார் வந்தாலும் கோட்டுக்கு நேரே வைத்து ஓட்டட்டும். முதலாளி பார்த்துவிட்டு, “அமராவதிக்குத்தாம்மா மூளை” என்றார். அவளுக்கும் பெருமைதான். இரண்டு மாசம் கழித்து தகட்டை அடித்து வெட்டுகிற ஒரு பவர் பிரஸ்ஸின் மேல்கட்டைக்கு என்று பிளேட்டிங் போட்ட போல்ட் வந்தது. கோட்டில் வைத்து இழுத்தாள். பாஸ். சனிக்கிழமை மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த பட்டறையில், யாரும் தொடாமலே, ஒரு போல்ட்டின் தலை தன்னால் அறுந்து கீழே விழுந்திருக்கிறது. திங்கள் காலையில் ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று போல்ட்டோடு முதல் அடி இறங்கியதில் ஆரோக்கியம் என்கிற மனுஷனுக்கு வலதுகையில் மூன்று விரல் போனது. ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்தது, யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி அழுதிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “நீங்க யாருன்னு தெரியலீங்களே, எம்பேரு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டார். பக்கத்து பெட்டுக்கு வந்தேனுங்க, நர்ஸ் கூப்பிடறதக் கேட்டேனுங்க என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, ஆரஞ்சை வைத்துவிட்டு வந்துவிட்டாள். “புண்ணியவதி” என்று அந்த மனுஷன் பின்னாலேயே சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு பதினாலு வருஷமாய் பஸ் ஏறி இறங்குகிறாள். வந்து கோட்டை அழித்தாளா என்றால், அதுவும் இல்லை. பழகிப்போயிருந்தது.

ஆறு டன் தாண்டிவிட்டது. இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் இடுப்புக்கும் ஒரு இழுவைச் சோதனை. கட்டிங் ரூமில் ரம்பம் கத்துகிறது, நிறுத்துகிறது, மறுபடி கத்துகிறது. மெதுவாக இழுத்தால் என்று நினைத்ததும் வேண்டாத ஞாபகம் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. புருஷன் வீட்டை விட்டு வந்தபோது மாமன், சித்தப்பன், பெரியம்மா என்று எட்டுப் பேர் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்ட கேள்வி மூன்றுதான். அடிச்சானா? இல்லீங்க. குடிச்சானா? இல்லீங்க. வேற பொம்பளை? இல்லீங்க. அப்புறம் என்னதான் கேடு உனக்கு? ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை, போல்ட் பாஸ். பதினோரு வருஷம் அந்த வீட்டில் அவள் பேசும்போதெல்லாம் டி.வி.யின் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுவான், அவ்வளவுதான். கத்த மாட்டான். அவள் வைத்த குழம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவான், ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். சம்பளம் வாங்குகிற பொம்பளை என்று சொந்தக்காரர் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வான், அதில் என்ன தப்பு இருக்கிறது, நீ சம்பளம் வாங்குகிறாய்தானே. நாளுக்கு ஒரு புள்ளி. எதை எடுத்து எட்டுப் பேர் முன்னால் பாயில் வைப்பது? “ஒரு அறை விட்டிருந்தான்னா நானே கேட்டிருப்பேன்” என்று பெரிய மாமன் மீசையைத் தடவினார். ஒரு அறை விட்டிருந்தால் அவளே திருப்பி விட்டிருப்பாள், மாமன் எதற்கு. சீ, போ. போல்ட் வேறு, மனுஷி வேறு. போல்ட்டால் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வர முடியாது. அவள் வந்தாள், பெட்டியோடும் மகளோடும், பட்டப்பகலில், தெருவே பார்க்க. உடையவில்லை. எவன் சொன்னாலும் சரி, உடைந்து வரவில்லை, வந்தாள்.

ஆனால் பயம் இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஆறு டன் முந்நூறு. ஒருவேளை இந்தப் போல்ட் சீக்கிரம் அறாவிட்டால்? பத்தரை டன் வரைக்கும் ஏறிப் பத்தே முக்காலில் ஜம்மென்று அறுந்தால்? பிளேட்டிங் கடைக்காரன் வேறு எங்காவது கொண்டுபோய் அடுப்பில் வைத்திருந்தால், பீளமேட்டில் அவன் மச்சான் கடை இருக்கிறதென்று யாரோ சொன்னார்களே, அங்கே வைத்து எடுத்திருந்தால்? அப்புறம் தாமோதரன் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான், மேடம் மாவாட்ட முடியாத கோபத்தை ராட்டினத்துல காட்டிட்டாங்க என்று. சிரிக்கட்டும், சிரித்தால் பல் தேயாது. இந்த வயசில் வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்கிற பயம் இன்னொரு பக்கம் பிடித்து இழுக்கிறது, மகளின் ஹாஸ்டல் ஒரு பக்கம். கையெழுத்துதானே, போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமே. நேற்றைய இரண்டும் நிஜமாகவே பாஸ், பொய் எழுதவில்லையே. ஆரோக்கியத்தின் ரிப்போர்ட்டும் நிஜம்தான், பொய் எழுதவில்லையே. அந்த இடத்தில் வந்து யோசனை முள்ளில் புடவை மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது, எத்தனை தரம் சுற்றிவிட்டாலும் அங்கேயே. போல்ட்டே, நீ அறுந்து தொலை என்று ஒரு மனசு வேண்டுகிறது. ஐயோ, அறுந்தால் அங்கே முடுக்கி வைத்திருப்பதெல்லாம் இதே ரத்தம் என்று இன்னொரு மனசு வாயைப் பொத்துகிறது. தான் ஜெயிக்க வேண்டும் என்று எதை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஃபேன் இன்னும் போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உதயசங்கர் சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாலேயே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும், சட்டையில் கிரீஸ் கறை, கண்ணில் தூக்கமில்லை. தாமோதரன் பின்னாலேயே ஓடிவந்தான். “ரிப்போர்ட் ரெடிங்களா மேடம்? அதிகாரி மைதானத்துலயே உக்காந்திருக்காரு” என்றார் உதயசங்கர். அவள் நாற்காலியை விட்டு எழாமல் மெஷினைக் காட்டினாள். “இது ஓடி முடியணுங்க.” அவர் குனிந்து பார்த்தார். “ஓடுதுங்களா?” “ஓடுது.” “எப்ப முடியும்?” “போல்ட் நல்லதா இருந்தா ஒண்ணரை மணிக்கு. கெட்டதா இருந்தா எப்ப வேணாலும்.” தாமோதரன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதி வழியில் செத்தது. “சார், நேத்தே ரெண்டு பாஸுங்க. இது மேடத்தோட சொந்த இதுக்கு. நான் இப்பவே முடிச்சுத் தர்றேன்” என்று சொல்லிக்கொண்டே வந்து கறுப்புத் திருகின்மேல் கையை வைத்தான். அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அவன் கைமேல் தன் கையை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் பிடிகளை முடுக்கின கை, சும்மாவா. “கையை எடுங்க சார்.” “மேடம், ஓவராப் போறீங்க.” “ஆமாங்க, போறேன். கோட்டுல வெச்சு நான் ஒருக்காப் பண்ணுன பாவம் போதும். இந்தத் திருகு இன்னைக்கு ஒரு நூல்கூட நகராது. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க, அது உங்க இஷ்டம். இது என் மெஷினு.” அவள் மெஷின் ஒன்றும் இல்லை, முதலாளியின் மெஷின், அது அவளுக்கும் தெரியும். ஆனால் சொன்ன விதத்தில் அது அவளுடையதாகிவிட்டது. தாமோதரனின் விரல்கள் அவள் உள்ளங்கைக்கடியில் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு வெளியே வந்தன. ஆறு டன் எழுநூற்று எண்பது.

அறுந்தது. படார் என்று, கூரைத் தகரத்தில் தேங்காய் விழுந்த மாதிரி. உதயசங்கர் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். கட்டிங் ரூமில் ரம்பம்கூட நின்றது. சிவப்பு எண் சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. அமராவதி எழுந்தாள், கால் மரத்துப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு கீழ்ப் பிடியைத் தளர்த்தி உடைந்த துண்டை எடுத்தாள். சூடுகூட இல்லை. நேற்றைய துண்டுகள் கழுத்து மெலிந்து, நுனி சாம்பல் பூத்து, இழுபட்ட களைப்போடு அறுந்திருந்தன. இது மெலியவே இல்லை. முகம் தட்டையாக, மினுமினுவென்று, உடைத்த கல்கண்டு மாதிரி படிகம் படிகமாய்ப் பிரிந்து நின்றது. அவள் ஜெயித்துவிட்டாள். துண்டை உதயசங்கரின் கையில் வைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஒண்ணு ஏதோ கெட்டதாப் போயிருக்கலாமுங்களே மேடம்” என்றார், கெஞ்சுகிற மாதிரி. “அதேதானுங்க சார்,” தாமோதரன் பிடித்துக்கொண்டான், “மூணுல ரெண்டு பாஸு. இதை ரிப்போர்ட்ல காட்ட வேண்டியதே இல்லை.” அமராவதி அவன் பக்கம் திரும்பவில்லை. “போன் போடுங்க” என்றாள் உதயசங்கரிடம். “மைதானத்துல இருக்கற ஃபிட்டர்கிட்ட, ஒவ்வொரு பெட்டியா ஏறி போல்ட் தலையை எண்ணச் சொல்லுங்க.” “எண்ணறதா? நாலு நாலு போட்டிருக்குங்க, நானே நின்னு முடுக்குனேன்.” “முடுக்குனப்போ நாலு இருந்துச்சு. இப்ப எண்ணச் சொல்லுங்க. தொட வேண்டாம், எண்ணுனாப் போதும்.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, போனை எடுத்துவிட்டார்.

எண்ணுகிற நேரத்துக்கு அவள் ரிப்போர்ட் தாளை முன்னால் இழுத்துக்கொண்டாள். அச்சடித்த தாள், வேகம் என்கிற இடத்தில் ‘விதிமுறைப்படி’ என்று அவர்களே அச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள், இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதற்கு நேரே பேனா வைத்ததில்லை. அதை அடித்தாள், கோணலாக, அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு. முதல் போல்ட், ஒன்றரை நிமிஷ வேகம், பத்தே முக்கால் டன். இரண்டாவது, அதே வேகம், பதினொன்று. மூன்றாவது, ஆறு மணி நேர வேகம், ஆறு டன் எழுநூற்று எண்பது. பேக்கிங் நடந்ததாகச் சீட்டில் எழுதியிருக்கிற நேரத்தில் அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லை. இந்த லாட் போல்ட்டுகள் ஆள் ஏறுகிற எதிலும் போடத் தகுந்தவையல்ல. “மேடம், இதை முதலாளி பார்த்தார்னா...” என்றான் தாமோதரன், குரல் இறங்கியிருந்தது. “பார்க்கட்டுங்க. பார்க்கத்தான் எழுதறேன்.” உதயசங்கர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். முதல் பெட்டி நாலு. இரண்டு நாலு. மூன்று நாலு. அவர் சொல்லச் சொல்லத் தாமோதரனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆறு நாலு. அப்புறம் சத்தமில்லை. “என்னப்பா, கேக்குதா? இன்னொருக்கா எண்ணு” என்றார் உதயசங்கர். நெற்றி நரம்பு புடைத்தது. “யாரும் தொடலியா? சரியாப் பாத்தியா?” போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு, அறைக்கு வெளியே கேட்காத மாதிரி அவர் சொன்னார். “ஏழாவது பெட்டியில மூணுதான் இருக்காம். தலை கீழ தகரத்துல கெடக்குதாம்.”

அதன்பிறகு அந்த அறையில் பேசியதெல்லாம் உதயசங்கர்தான், அதுவும் போனில், மைதானமே கேட்கிற மாதிரி. கயிறு கட்டுங்க, ஒருத்தனும் பக்கத்துல போகக் கூடாது, ஐந்து மணியாவது மண்ணாவது, மொத்தத்தையும் கழட்டுங்க, அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன். தாமோதரன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தான், திருகின்மேல் வைத்த கை. அவனை ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை, அவனைவிடச் சின்ன வயசில் அவள் செய்ததற்கு யாரும் அவளை எதுவும் சொன்னதில்லை. தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள், முழுப் பெயர், தமிழில், படிக்கிற மாதிரி. பிறகு மிச்சமிருந்த நாலாவது போல்ட்டை எடுத்து மாட்டினாள். “இன்னும் எதுக்குங்க மேடம்?” என்றான் தாமோதரன். “நாளைக்கு ஒருத்தன் வந்து ஒண்ணுதானே கெட்டுதுன்னு கேப்பான் சார். ஆறு மணி நேரமானாலும் ஆகட்டும், நான் இருக்கேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.” மெஷின் ஓட ஆரம்பித்தது, ஓடுவது தெரியாமல். மேஜை டிராயரில் பழைய ரம்பப் பிளேடு ஒன்று கிடந்தது. அதை எடுத்து, கறுப்புத் திருகுக்குப் பக்கத்திலிருந்த அந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். பதினாலு வருஷப் பெயிண்ட், லேசில் போகவில்லை. நகம் உடைந்தது. முழுசும் போகிற வரைக்கும் சுரண்டினாள்.